கண்டமங்கலம் டு குவாதலூப்: மாரியாத்தா குடியிருக்கும் கரீபியன் தீவுக்குக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு!

விழுப்புரத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறியவர்களுக்கு இந்த விளையாட்டு தெரிந்திருக்கும். வளவனூர் வரை தமிழ்நாடு. மதகடிப்பட்டு, திருபுவனை, திருவண்டார்கோயில் எல்லாம் புதுச்சேரி. அடுத்து வருகிற எங்கள் கண்டமங்கலம் மறுபடியும் தமிழ்நாடு. இரண்டு ஸ்டாப் தள்ளி அரியூர் வந்தால் மறுபடி புதுச்சேரி. சாலையோர ஒயின்ஷாப் போர்டை வைத்துத்தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிப்போம். பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தின் செக்-இன் கவுன்ட்டரில் நிற்கும்வரை எனக்கு இது வெறும் வேடிக்கை.

என் பெரியம்மாவைக் கட்டிய பெரியப்பா திருவண்டார்கோயில்காரர். எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிஷம். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அவருடைய அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார். எங்கள் பக்கத்து பாஷையில், 'சொல்தா'. 1980-களின் கடைசியில் அவரைப் போட்ட இடம் கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவு. பெரியம்மாவும் கைக்குழந்தையோடு போனார்.

அங்கே அண்ணனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்திருக்கிறது. பெரியம்மா ஒரு மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் நம்ம ஊர்ப் புடவை வாங்கி சாத்துகிறேன் என்று. பிள்ளை பிழைத்து, இப்போது லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறான். புடவை மட்டும் முப்பத்தைந்து வருஷமாகப் போய்ச் சேரவில்லை.

பெரியம்மாவுக்கு இப்போது முட்டி வலி. பெரியப்பாவைத் தனியாக அனுப்பவும் பயம். "நீதான் நியூஸ்ல வேலை பாக்குறியே, உனக்கு எல்லாம் தெரியும். கூடப் போய்ட்டு வாடா" என்றார். எனக்கு எல்லாம் தெரியாது என்பது ஓர்லியில் தெரிந்தது.

குவாதலூப் பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். புழங்குவது யூரோ. போலீஸ், தபால் ஆபீஸ், பாடத்திட்டம் எல்லாம் பிரான்ஸுடையது. அதனால் ஷெங்கன் விசா போதும் என்று ஒரு டிராவல் ஏஜென்ட் சொன்னதை நம்பினேன். ஓர்லி கவுன்ட்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், இன்னொருவரைக் கூப்பிட்டார், இருவரும் தலையாட்டினார்கள். குவாதலூப் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் கிடையாது! மார்த்தினிக், பிரெஞ்சு கயானா, ரீயூனியன் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். பெரியப்பாவிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட். அவரைச் சிரித்தபடி உள்ளே விட்டார்கள். பத்து நிமிஷ தூரத்து ஊர்க்காரனான நான் பெட்டியோடு வெளியே நின்றேன். புடவை இருந்தது என் பெட்டியில்.

"வெறுங்கையோட போய் நின்னேன்டா" என்றார் பெரியப்பா, திரும்பி வந்ததும். அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது முறை ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். நீங்களும் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பிரான்ஸின் கடல் கடந்த மாவட்டங்களுக்கென்று தனியாக விசா கேட்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஸ்டிக்கரில், எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று ஒரு வரி இருக்கும். அதில் ஷெங்கன் நாடுகள் என்று மட்டும் இருந்தால் தீவுக்கு அது செல்லாது. பாரிஸ் வழியாகப் போகிறீர்கள் என்றால் ஷெங்கன் விசாவும் வேண்டும். சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கி, ஊரைக் கடந்து, ஓர்லிக்குப் போய் விமானம் மாற வேண்டி வரலாம். அதற்கு வெளியே வந்துதானே ஆக வேண்டும்?

அந்த ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். தீவுக்குப் போவது ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகத்தான் கணக்கு. திரும்ப பாரிஸில் இறங்குவது இரண்டாவது நுழைவு. அதனால் விண்ணப்பிக்கும்போதே பயணத் திட்டத்தைத் தெளிவாக எழுதி இரண்டு விசாவையும் சேர்த்துக் கேளுங்கள். ஷெங்கனுக்கு 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம். அந்த பாலிசி தீவிலும் செல்லுமா என்று ஏஜென்ட்டிடம் வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். நான் பட்டது போதும்.

புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. பாரிஸிலிருந்து உள்ளூர் விமானம் ஏறுகிற மாதிரி ஏறிவிடலாம். கொடுத்து வைத்தவர்கள்.

பாரிஸில் விமானம் மாறும்போது நடுவில் ஒரு இரவு தங்குவது நல்லது. இரண்டு விமான நிலையங்களும் நகரத்தின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. பெரும்பாலான கரீபியன் விமானங்கள் ஓர்லியிலிருந்துதான் கிளம்பும் என்றாலும் டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தீவுக்கு எட்டரை, ஒன்பது மணி நேரம். இறங்கும்போது கடிகாரம் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடும்.

போக வேண்டிய மாதங்கள் டிசம்பர் பாதியிலிருந்து ஏப்ரல் வரை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீசன். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று செப்டம்பரில் போட்டுவிடாதீர்கள். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் தீவைப் புரட்டிப் போட்டபோது பெரியப்பா அங்கேதான் இருந்தார். ராணுவ லாரியில் நின்று சாலையில் கிடந்த மரங்களை வெட்டித் தள்ளியிருக்கிறார். 'தானே' வந்தபோதும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் விழுப்புரத்தை மூழ்கடித்தபோதும், மொட்டை மாடியில் நின்று அவர் சொன்னது ஒன்றேதான்: "இதெல்லாம் என்னா காத்து!"

வரைபடத்தில் குவாதலூப் ஒரு பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். வலது சிறகு கிராந்த்-தேர், சமதளம், கரும்புக் காடு, வெள்ளை மணல் கடற்கரைகள். இடது சிறகு பாஸ்-தேர், மலை, மழைக்காடு, வாழைத் தோட்டம், நடுவில் 1,467 மீட்டர் உயரத்தில் சுஃப்ரியேர் எரிமலை. 1976-ல் அது உறுமியபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் ஊரைக் காலி செய்ய வைத்தார்கள். இப்போதும் கந்தகப் புகை வருகிறது. ஏற நினைப்பவர்கள் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். பத்து மணிக்கு மேல் மேகம் மூடிவிட்டால் பக்கத்தில் நிற்பவரையே தெரியாது. நாங்கள் ஏறவில்லை. பெரியப்பாவுக்கு எழுபத்தொன்று, எனக்குச் சோம்பல்.

விமானம் இறங்குவது இரண்டு சிறகும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், புவான்ட்-ஆ-பித்ர் நகரத்தருகே. அந்தத் துறைமுகக் கரைக்கு ஒரு மாலை போய் நில்லுங்கள். 1854 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், 'ஒரேலி' என்ற கப்பல் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து நின்றது இங்கேதான். 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் பலர் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். முதலாளிகளுக்குக் கை வேண்டியிருந்தது. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்தார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், சுமார் மூன்று மாதக் கடல் பயணம். 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 பேர் போனார்கள். பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போயின. ஊர் திரும்பியவர்கள் சிறு பகுதிதான். ஏராளமானவர்கள் அங்கேயே செத்துப்போனார்கள்.

அன்றைக்கும் எங்கள் ஊர்க் கோடு வேலை செய்திருக்கிறது. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களுடையது, கண்டமங்கலம் இருந்த தென்னாற்காடு ஜில்லா பிரிட்டிஷாருடையது. எங்கள் குடிமக்களைக் கோடு தாண்டி இழுத்துப்போகிறீர்கள் என்று பிரிட்டிஷார் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1861-ல் இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு அதை முறைப்படுத்தின. அதற்கு முன்பு பசியோடு வரப்பு தாண்டி நடந்து வந்தவனை யார் என்ன விசா கேட்டிருப்பார்கள்?

போய்ச் சேர்ந்த பிறகுதான் கோடு அவர்களைத் துரத்தியது. அங்கேயே பிறந்த பிள்ளைகளைக்கூட பிரிட்டிஷ் பிரஜை என்று சொல்லி ஓட்டுரிமை தர மறுத்தார்கள். காபெஸ்டெரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-ல் அதை எதிர்த்து ஆரம்பித்த போராட்டம் 1923-ல்தான் முடிவுக்கு வந்தது. இந்திய வம்சாவளியினர் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள். பின்னாளில் எர்னஸ்ட் முத்துசாமி பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே போனார். சேன்-பிரான்சுவா ஊருக்கு மேயராகவும் இருந்தார்.

அதே நகரத்தில், பழைய தர்பூசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், அடிமை முறையின் வரலாற்றைச் சொல்லும் பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. 2015-ல் திறந்தது. திறந்திருக்கும் நாளா என்று பார்த்துவிட்டுப் போங்கள். நம் ஆட்களின் கதைக்கு முந்தைய, அதைவிடக் கொடூரமான கதை அது. அதைப் பார்க்காமல் நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

சுற்றிப் பார்க்க வாடகை கார் தேவைப்படும். பஸ் இருக்கிறது. ஆனால் சாயங்காலத்துக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் நம்ப முடியாது. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டை ஊரிலேயே ஆர்.டி.ஓ-வில் வாங்கிவிடுங்கள். அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். கடைகளில் ஆங்கிலம் பெரும்பாலும் எடுபடாது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஜூர்". அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும். அறை எடுக்கும்போது, தண்ணீர் நின்றால் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பிரான்ஸ்தானே என்று நினைக்காதீர்கள். தீவில் குழாய்கள் பழசு. முறை வைத்துத் தண்ணீர் நிறுத்துவது சகஜம். எங்களுக்கு இரண்டு நாள் வரவில்லை. பெரியப்பா குடத்தைத் தேடினார்.

கடற்கரையில் மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவதற்கு முன் மரத்தைப் பாருங்கள். அடிமரத்தில் சிவப்பு வளையம் பூசியிருந்தால் அது மான்சினியே. சின்ன ஆப்பிள் மாதிரி காய்க்கும், கடித்தால் உயிருக்கே ஆபத்து. அதன் இலையிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீர் பட்டாலே தோல் வெந்துவிடும். எல்லா மரத்துக்கும் வளையம் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத விஷமும் உண்டு. வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்தெகோன் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தார்கள். பிரான்ஸின் மற்ற பகுதிகளில் 1990-லேயே தடை செய்துவிட்டு, தீவுகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். பாஸ்-தேரின் தென்பகுதி மண்ணிலும் சில கடற்கரைத் தண்ணீரிலும் அது இன்னும் இருக்கிறது. சில இடங்களில் மீன் பிடிக்கவே தடை. சில நாள் தங்குகிற நமக்குப் பெரிய பயமில்லை. ஆனால் சாலையோரத்தில் எங்கே விளைந்தது என்று தெரியாத கிழங்கு, மீனைத் தவிர்த்து, மார்க்கெட்டில் வாங்குவது நல்லது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் ரத்தத்தில் அந்த நஞ்சு ஏறியிருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்தவர்களில் நம் வம்சாவளியினரும் உண்டு.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். தீவு முழுக்க எல்லா இனத்தவரும் சாப்பிடும் 'கொலம்போ' என்பது மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு அரைத்த பொடி போட்ட ஆட்டுக்கறியோ கோழிக்கறியோதான். 'குழம்பு' என்ற சொல்தான் அப்படி மருவியது என்கிறார்கள். சாப்பிட்டுப் பார்த்த எனக்குச் சந்தேகம் இல்லை. காரம் மட்டும் கம்மி. கேட்டால் தனியாக மிளகாய் தருவார்கள். ஜாக்கிரதை, அது நம் பச்சை மிளகாய் ஜாதி இல்லை! சைவக்காரர்கள் திண்டாடுவார்கள். மாவைப் பொரித்து நடுவில் பிளந்து அடைத்துத் தரும் 'பொகிட்' கடைகளில் கறியும் மீனும் இல்லாமல் முட்டை, சீஸ் வைத்துக் கேட்கலாம்.

ஒருநாள் மார்க்கெட்டில் பாட்டிகள் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நம் லுங்கிக் கட்டம். அங்கே அதன் பெயரே 'மெட்ராஸ்'. பண்டிகை உடையே அதில்தான். எங்கள் ஊரில் கைலி கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் திட்டுவார்கள்.

புடவை விஷயத்துக்கு வருகிறேன். காபெஸ்டெர் அருகே ஷான்ழி என்ற இடத்தில், நெடுஞ்சாலையோரம் வண்ண வண்ணச் சிற்பங்களோடு அந்தக் கோயில் இருக்கிறது. அங்கே அவள் 'மாலியெமேன்'. மதுரை வீரன் 'மால்தேவிலேன்'. நாகூர் ஆண்டவருக்குக்கூட கொடி ஏற்றுகிறார்கள். 'நகூலூ மீலா' என்று வேண்டிக்கொள்கிறார்கள். பூசை நாளில் மத்தளம் அடித்து, தமிழ்ப் பாட்டு பாடி, கிடா வெட்டி, வாழை இலையில் கொலம்போ போடுகிறார்கள். பாடுகிறவர்களில் பலருக்கு அந்தப் பாட்டின் அர்த்தம் தெரியாது. அப்பா பாடியது, தாத்தா பாடியது. அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஆடும் கூத்து ஒன்றும் உண்டு. பெயர் 'நாத்ரோன்'. நாடகம்தான். விழுப்புரம் பக்கம் விடிய விடிய தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிரீடமும் தோள்கட்டையும் புதிதாகத் தெரியாது.

இங்கே நடந்துகொள்ள வேண்டிய முறை முக்கியம். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். 'கூலி' என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. தலைமுறைகளாக அவர்களை அவமானப்படுத்திய சொல் அது. எல்லோரும் இந்து என்றும் நினைக்காதீர்கள். ஞாயிறு காலை சர்ச், வேண்டுதல் நாளில் மாரியம்மன் என்று இருப்பவர்கள்தான் அதிகம். வில்லியனூர் மாதா கோயிலுக்கும் திருக்காமீசுவரருக்கும் ஒரே நாளில் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் உச்சரிப்பு தப்பு, பூசை முறை தப்பு என்று திருத்தவும் கிளம்பாதீர்கள். கடலைத் தாண்டி நூற்றெழுபது வருஷம் காப்பாற்றி வைத்திருப்பவர்களிடம் நாம் என்ன திருத்துவது?

கொண்டுபோகிற பொருளிலும் கவனம். பெரியம்மா புடவையோடு வேப்பிலைக் கொத்து, பால்கோவா எல்லாம் கட்டிக் கொடுத்தார். பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய சுங்கத்தில் விடமாட்டார்கள். செடி, இலை, விதை கொண்டுபோகச் சான்றிதழ் வேண்டும். எல்லாவற்றையும் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு, புடவை, கண்ணாடி வளையல், குங்குமம் மட்டும் எடுத்துப் போனோம்.

பூசாரி புடவையை வாங்கிப் பிரித்து, வந்திருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். காஞ்சிபுரம் எல்லாம் இல்லை, பாண்டிச்சேரியில் வாங்கிய அரக்குக் கலர் நூல் புடவை. பெரியப்பா பிரெஞ்சில் கதையைச் சொன்னார். காலை பதினொரு மணி. கண்டமங்கலத்தில் இரவு எட்டரை. வீடியோ காலில் பெரியம்மா அழுவார் என்று எதிர்பார்த்தேன். "பார்டர் உள்ள போயிடுச்சு பாரு, மடிப்பை வெளிய எடுத்துவிடச் சொல்லு" என்றார். பெரியப்பா மொழிபெயர்த்தார். எடுத்து விட்டார்கள்.

கிளம்பும்போது ஒரு பெண்மணி தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கூர்பேயிர் ஊரில் இருக்கும் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் எடுத்ததாம். கொள்ளுத் தாத்தாவின் பதிவு. பெயர், அப்பா பெயர், வயது, ஊர். ஊர்ப் பெயரின் முதல் பாதி மை கரைந்து போயிருந்தது. கடைசியில் பிரெஞ்சு எழுத்தில் 'மங்கலோம்'. உங்கள் ஊர்தானா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. கண்டமங்கலம் இருக்கிறது. வில்லியனூர் பக்கம் மங்கலம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். இன்னும் எத்தனையோ மங்கலங்கள்.

நீங்கள் போவதாக இருந்தால், உங்கள் ஊரைச் சுற்றியிருக்கிற சின்னச் சின்ன கிராமங்களின் பெயர்களை, பழைய பெயர்கள் உட்பட, எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கட்டாயம் கேட்பார்கள். அந்தப் படம் என் போனில் இருக்கிறது. ஊரில் பெரியவர்கள் சிலரிடம் காட்டிவிட்டேன். அந்த அப்பா பெயரில் எங்கள் தெருவிலேயே நாலு குடும்பம் சொல்கிறார்கள்.